கஞ்சியும் ரெஸ்ட்டும் போதாது

தீவிர சிகிச்சைப் பிரிவான ஐசியுவில் கிடந்து பிழைத்த ஒருவர் வீடு திரும்பினால், வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தத் தெருவாக இருந்தாலும் பார்க்க வருகிறவர்கள் சொல்வது இரண்டுதான். ‘நல்லா ரெஸ்ட் எடு நைனா.’ ‘கஞ்சியா குடும்மா, வேற எதுவும் ஒத்துக்காது.’ அன்பில் குறையில்லை. ஆனால் பத்து நாள் வென்டிலேட்டரில், அதாவது செயற்கை மூச்சுக் கருவியில், இருந்த உடம்புக்கு இதைவிடத் தப்பான யோசனை கிடையாது. படுத்தே கரைந்த உடம்பை மறுபடி படுக்கப் போடுகிறோம். புரதம் இல்லாமல் வற்றிய சதைக்குப் புரதமே இல்லாத சாப்பாட்டை ஊற்றுகிறோம். மூன்று மாதம் கழித்து, ‘அவரு முன்ன மாதிரி இல்லப்பா’ என்று நோயின் மேல் பழியைப் போடுகிறோம்.

இந்தப் பக்கத்து ஐசியுக்களில் கிடப்பவர்கள் எல்லாரும் முதியவர்கள் இல்லை. மணலி சாலையில் கண்டெய்னர் லாரியில் அடிபட்ட, பைக்கில் வந்தவர், சர்க்கரைக் காலில் சீழ் வைத்து அது ரத்தத்தில் ஏறிய மீன்கார அம்மா, நிமோனியாவில் மூச்சுத் திணறி வந்த ஆட்டோ டிரைவர் என்று சம்பாதிக்கிற வயதுக்காரர்களே நிறைய. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியோ, உயிரைப் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். ‘வார்டுக்கு மாத்தியாச்சு’ என்றதும் குடும்பம் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போகிறது. உடைக்கட்டும். ஆனால் வேலையில் பாதி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

2010-இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் கூடிப் பேசி இந்தப் பின்விளைவுகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு. உடம்பின் பலவீனம், மூளையின் மந்தம், மனதின் கலக்கம் மூன்றும் அதில் அடக்கம். கூடவே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு வரும் பாதிப்பையும் சேர்த்தார்கள். அது வெறும் சம்பிரதாயத்துக்குச் சேர்த்தது இல்லை.

முதலில் சதை. லண்டனில் ஐசியு நோயாளிகளின் தொடையை ஸ்கேன் வைத்து அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்களவு கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இன்னும் அதிகம். டொரன்டோவில் கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-இல் எழுதினார்கள். வருடம் முடியும்போது நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. தடுத்தது மூச்சு இல்லை, சதையில் தெம்பில்லாமை. எதனால் ஐசியுவுக்குப் போனாரோ அது சரியான பிறகும் ஆள் எழுந்திருக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அதனால் தேறுவதற்கான வேலை வென்டிலேட்டரில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். இன்றைய ஐசியு மருத்துவத்தில் இதற்கென்று ஒரு வரிசை உண்டு. வலியை முதலில் அடக்குவது, தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி ஆளை எழுப்பிப் பார்ப்பது, அதே வேளையில் தானாக மூச்சு விட வைத்துப் பார்ப்பது, மயக்க மருந்தைக் குறைந்த அளவில் வைப்பது, புத்தி தடுமாறுகிறதா என்று சோதிப்பது, சீக்கிரம் அசைய வைப்பது, குடும்பத்தை உள்ளே சேர்த்துக்கொள்வது. சிகாகோவிலும் அயோவாவிலும் 104 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வந்தது. மயக்கத்தை நிறுத்தும் நேரத்திலேயே பிசியோதெரபி கொடுத்த பிரிவில் 59 சதவீதம் பேர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் வீட்டுக்குப் போனார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு, ‘அப்ப ஓட வைங்க டாக்டர்’ என்று நிற்கவும் கூடாது. 750 பேரை வைத்து 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வழக்கத்தைவிட அதிக நேரம், அதிகத் தீவிரத்தில் அசைய வைத்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொந்தரவுகள்தான் அதிகம் வந்தன. விழித்திருக்க வேண்டும், கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வேண்டும், முடிந்தால் நிற்க வேண்டும். அவ்வளவு போதும்.

வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பத்துக்கு இதில் என்ன பங்கு? பார்வை நேரத்தில் ‘எப்படி இருக்காரு சார்?’ என்று கேட்டால், ‘அப்படியேதான்’ என்ற பதில்தான் வரும். ‘இன்னிக்கு மயக்க ஊசிய நிறுத்திப் பாத்தீங்களா மேடம்?’, ‘பிசியோ வந்தாங்களா, உக்கார வைக்கலாமா?’ என்று கேட்டால் பதிலும் குறிப்பாக வரும். சில சமயம் உட்கார வைப்பதற்கான உத்தரவும் வரும். பணிவாகவே கேட்கலாம், தினமும் கேட்கலாம்.

அடுத்தது புத்தித் தடுமாற்றம். வடசென்னைக் குடும்பங்களை இதைப்போல மிரட்டுவது வேறெதுவும் இல்லை. ‘நர்ஸம்மா என்ன கொல்லப் பாக்குது’, ‘என்ன ஏன்டா போட்ல கட்டி வச்சிருக்கீங்க’ என்று அப்பா கத்துவார். ட்யூபைப் பிடுங்குவார். காத்து கறுப்பு அடித்துவிட்டது என்று தாயத்து வாங்கி வருவார்கள். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கிருமி, ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குலைப்பது. கத்துகிறவரையாவது எல்லாரும் கவனிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதற்கும் பதில் சொல்லாமல் கிடப்பவருக்கும் இதே பாதிப்பு இருக்கலாம். ‘அமைதியா தூங்குறாரு’ என்று அவரை விட்டுவிடுகிறோம்.

கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. பத்து எழுத்துகளை மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் அவர் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தப்பு விட்டால் கவனம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். முழுச் சோதனையில் இன்னும் சில படிகள் உண்டு, அதை நர்ஸ் செய்வார். குடும்பம் செய்ய வேண்டியது வேறு. அவருடைய மூக்குக் கண்ணாடி, பல் செட், காது மெஷின் மூன்றையும் கொண்டு போய் உள்ளே கொடுங்கள். வீட்டில் பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்? பார்க்கப் போகும்போது அழாமல், முகம் தெரியும்படி நின்று, ‘யப்பா, நாந்தான் செல்வி வந்துகிறேன். இன்னிக்கு செவ்வாக்கெழம, சாயங்காலம் அஞ்சு மணி. உனக்கு நிமோனியா வந்துச்சு, ஆஸ்பத்திரில கீற, இப்ப தேவலாம்’ என்று சொல்லுங்கள். நாளை போனாலும் அதையே சொல்லுங்கள். ‘நர்ஸ் கொல்ல வராங்க’ என்றால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். ‘நான் இருக்கேன், யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 821 பேரிடம் செய்து 2013-இல் வந்த ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியில் இந்தத் தடுமாற்றம் வந்தது. எத்தனை நாள் நீடித்ததோ அதற்கேற்ப ஒரு வருடம் கழித்தும் ஞாபகமும் யோசனையும் மந்தமாக இருந்தன. ஒரு வருட முடிவில் சோதித்தவர்களில் மூன்றில் ஒருவருடைய மதிப்பெண், தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்களுக்கு நிகராக இருந்தது. வீட்டுக்கு வந்தபின் கடையில் சில்லறை எண்ணத் தெரியாமல் முழிப்பது, அடுப்பை அணைக்க மறப்பது, வாட்ஸ்அப் செய்தியை மூன்று முறை படிப்பது எல்லாம் இதன் தொடர்ச்சி. சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. இங்கேதான் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்.

எழுந்து நிற்பது. கையில்லாத ஸ்டூல் வேண்டாம், கை வைத்த நாற்காலி வேண்டும், உட்காரும் உயரம் சுமார் 18 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், அதனால் முதுகுப்புறம் சுவரில் முட்டிக்கொண்டிருக்கட்டும். படுக்கையிலிருந்து நேராக நிற்க விடாதீர்கள். கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நாள்கணக்கில் படுத்தவருக்கு நிமிர்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அப்படித்தான் விழுகிறார்கள். பாதங்களைக் கொஞ்சம் அகட்டிப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் குனிந்து எழ வேண்டும். துணைக்கு நிற்பவர் கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கவே கூடாது. சதை வற்றிய தோள் மூட்டு அதில் நழுவும், மாதக்கணக்கில் வலிக்கும். ஒரு துண்டையோ லுங்கியையோ இடுப்பில் பெல்ட் மாதிரி இறுகக் கட்டி அதைப் பிடியுங்கள்.

ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், அதில் ஆக்சிஜன் அளவு 88-க்குக் கீழே போனதும் நிறுத்தி உட்கார வையுங்கள். மெஷின் இல்லாவிட்டால் பேச வைத்துப் பாருங்கள். நான்கு சொல் சேர்த்துப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். செய்த அன்று களைப்பாக இருக்கலாம், அது நல்லதுதான். மறுநாள் காலை எழவே முடியவில்லை என்றால் அளவைப் பாதியாக்கி, நான்கைந்து நாளில் மெல்ல ஏற்றுங்கள்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால், முதல் மாதம் தரைத்தளத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாதவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம். ஏறும்போது தெம்பான கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். துணை எப்போதும் அவருக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும். குந்தி உட்காரும் கக்கூஸுக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். பலர் ஏர் பெட்டை, அதாவது காற்று மெத்தையை, முதலில் வாங்குகிறார்கள்.

ஏர் பெட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அது போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்ற நம்பிக்கை தப்பு. எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சாய்த்தால் போதும். புட்டத்துக்கு மேலிருக்கும் எலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்காதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள். காற்றடைத்த ரிங்கும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நுரையீரல் பயிற்சிக்கு மூன்று பந்து ஊதும் கருவி என்று கொடுத்து அனுப்புவார்களே, அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. பாதி வீடுகளில் புல்லாங்குழல் மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை வாயில் இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே போனதும் இரண்டு மூன்று நொடி அங்கேயே பிடிக்கப் பாருங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. தலை சுற்றினால் இடைவெளி விடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். 60 கிலோ உடம்புக்குத் தேறும் காலத்தில் நாளைக்குச் சுமார் 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். நாற்பது டம்ளர் யார் குடிப்பது? காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கு டப்பா பவுடர் கட்டாயமில்லை. 150 கிராம் மத்தியோ சங்கராவோ 28 கிராம் தரும். மூன்று முட்டை 18, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பால் 13, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 8, ஒரு கிண்ணம் சுண்டல் 8, நாலு இட்லி 8. கணக்கு 80-ஐத் தாண்டிவிடும். ‘மீன் சூடு, முட்டை சளி’ என்று பாட்டி சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம், குழம்பில் முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். கிட்னியோ கல்லீரலோ பாதித்தவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான், நீங்களாக ஏற்றவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, கிட்னிக்காரர்களுக்கு அதைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் சாப்பிடாதவர், நீண்டகாலக் குடிப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு முதல் நாளே வயிறு முட்டக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயமே தடுமாறலாம். நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

எதையும் கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தொண்டையில் இரண்டு நாளுக்கு மேல் ட்யூப் இருந்தால் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். அப்போது ஆபத்தானது தண்ணீர், டீ மாதிரித் தண்ணியாக இருப்பவைதான், கெட்டியான கூழ் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அரை ஸ்பூன் கொடுத்து, ‘ஆ’ என்று சொல்ல வையுங்கள். குரல் கொழகொழவென்று வந்தாலோ இருமினாலோ நிறுத்துங்கள், அது நுரையீரலுக்குப் போகிறது. மூக்கு ட்யூப் வழியாகக் கொடுப்பவர்கள் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஊற்றும் முன் மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ராகிக் கூழை வடிகட்டாமல் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு விதத் தப்பு ஒளிந்திருக்கும். ஐசியுவில் ராத்திரி கத்தியதற்காகக் கொடுத்த குவெட்டியபின், ஹாலோபெரிடால் மாத்திரைகள் எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதாமலேயே மாதக்கணக்கில் தொடரும். ஆள் தள்ளாடிக்கொண்டே இருப்பார். நேர்மாறாக, அங்கே நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் மறுபடி எழுதப்படாமல் விட்டுப்போகும். ஆகவே பழைய மாத்திரைச் சீட்டையும் புதுச் சீட்டையும் முதல் ரிவ்யூவுக்குச் சேர்த்து எடுத்துப் போய், ஒவ்வொன்றாக, ‘இது எதுக்கு, எத்தன நாளுக்கு?’ என்று கேளுங்கள். முக்கியமாக, ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சில வாரம் கழித்துப் புதிதாக மூச்சிழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தால் வீசிங் என்று இன்ஹேலர் வாங்கிப் போடக் கூடாது. ட்யூப் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். திரும்பக் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீரென்று குழறிப் பேசுவது, சிறுநீர் குறைவது என்று வந்தால் 108. அமெரிக்காவில் செப்சிஸில், அதாவது கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் நிலையில், பிழைத்த முதியவர்களில் பத்தில் நான்கு பேர் 90 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம், அது தானாக வளரும்.

மனசு. கண்ணை மூடினால் ஐசியு அலாரம் கேட்கிறது என்பார்கள், ஆஸ்பத்திரி வாடை வந்தாலே வேர்க்கும். ஐசியுவில் இருந்த நாட்கள் அவர்களுக்கு வெற்றிடம், அந்த இடத்தைப் பொய்க் கனவுகள் நிரப்பியிருக்கும். அதற்காக நோட்டுப் புத்தகம் எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. இன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எந்த மெஷின் எதற்கு என்று நர்ஸும் குடும்பமும் நாள்தோறும் எழுதுவார்கள். 2010-இல் வந்த ஆய்வு இதனால் அதிர்ச்சி பாதிப்பு குறைந்தது என்றது, 2019-இல் பிரான்ஸில் நடந்தது குறையவில்லை என்றது. எழுதுவதில் நஷ்டமில்லை என்பது எங்கள் எண்ணம். அவராகக் கேட்கும்போது மட்டும் படித்துக் காட்டுங்கள். தூக்கமே வராமல் வாரக்கணக்கில் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், இலவசம். கூடவே இருந்து பார்த்த மனைவிக்கும் அதே எண்தான். அவரிடம் யாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்பதே இல்லை.

பிசியோவுக்குத் தினமும் ஆட்டோ வைத்துப் போக முடியாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்து கேளுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் சேர்ந்தது.

வேலைக்குப் போவதில்தான் அவசரப்படுகிறார்கள். லோடு இறக்குகிறவர், ஹார்பரில் நிற்கிறவர், வெல்டிங்காரர் எல்லாரும் ஆறாவது வாரமே கிளம்பி, பத்தாவது வாரம் முதுகு பிடித்துப் படுக்கிறார்கள். முதலில் அரை நாள், உட்கார்ந்து செய்கிற வேலை. இடையில் நிற்காமல் ஆறு நிமிடம் நடக்கவும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழவும் வரட்டும், மூட்டை தூக்குவதைப் பிறகு பேசலாம். மணலி, எண்ணூர் ஆலைகளில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கப்படுகிறவர்களுக்கு நோய்க்காலப் பணம் வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்று வேண்டும். ஐசியுவில் இருக்கும்போதே யாராவது ஒருவர் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதி வந்துவிட்டால், அவர் பணத்துக்காக ஆறாவது வாரத்தில் செருப்பை மாட்ட வேண்டியிருக்காது.